பழைய போர்டு குடியிருப்பை இடித்துக் கட்டப் போகிறார்கள்: பிளானில் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

மாடிவீடு_வடசென்னை:

வணக்கம். வடசென்னையில் பழைய போர்டு குடியிருப்பு, அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு ஒன்றில் இருக்கிறோம். எழுபதுகளில் கட்டியது, தரைத்தளம் சேர்த்து நான்கு தளம், ஒரு வீடு 230 சதுர அடி இருந்தால் அதிகம். சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து வெளியே நிற்கிறது, மேல்மாடியில் சில வீடுகளில் கூரைக் காரை பெயர்ந்து விழுவதால் கட்டிலை ஒரு மூலைக்குத் தள்ளிப் போட்டுப் படுக்கிறார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம் என்று சொல்லிக் கணக்கெடுப்பும் முடிந்துவிட்டது. வேறு எங்கும் அனுப்பவில்லை, இதே இடத்தில்தான் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், அது பெரிய நிம்மதி.

போன வாரம் ஒரு மாதிரி பிளானைக் கொண்டுவந்து காட்டினார்கள். வீடு 400 சதுர அடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, உள்ளேயே குளியலறையும் கழிப்பறையும். தரையோடு எட்டு தளம், இரண்டு லிஃப்ட். நடுவில் நீளமாக ஒரு காரிடார், அதற்கு இரண்டு பக்கமும் வீடுகள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு 400 சதுர அடி என்றதும் வேறு எதுவும் காதில் விழவில்லை, அதில் தப்பும் இல்லை, ஆறு பேர் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு படுக்கையறை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால் அடுத்த நாற்பது ஐம்பது வருஷம் அதில்தான் இருக்க வேண்டும். சங்கக் கூட்டம் வருகிறது, அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நடுக் காரிடார் வைத்தால் வீட்டுக்குள் காற்று வருமா? இப்போது முன்கதவையும் பின்பால்கனிக் கதவையும் திறந்து வைத்தால் சாயங்காலம் கடல் காற்று வீட்டின் ஊடே போகும், அதனால்தான் மே மாதத்திலும் தாங்குகிறது. எட்டு தளம் என்றால் மாசாமாசம் மெயின்டனன்ஸ் எவ்வளவு வரும்? இங்கே கூலி வேலை, மீன் வியாபாரம், ஆட்டோ ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். கீழ்வீட்டு அக்கா வாசலில் இட்லிக் கடை போடுகிறார், அவருக்கு ஆறாவது மாடி விழுந்தால் என்ன செய்வார்? சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து கிரேனில் தூக்கி மாட்டும் முறையில் கட்டுவோம் என்கிறார்கள், அது நல்லதா, வெக்கையாக இருக்குமா? பிளானின் ஓரத்தில் சோலார், மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் மறுசுழற்சி என்று எழுதியிருக்கிறது, இதில் எது நிஜமாக உபயோகப்படும்? ஒவ்வொன்றுக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னல்_வழி:

அண்ணா, நான் கட்டடக்கலை படித்துவிட்டுச் சின்ன வீடுகள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். முதலில் அந்த "இதே இடம்" என்ற கடிதத்தைக் கோப்பு எண்ணோடு நகல் எடுத்து நாலு பேர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே கட்டிக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது, உங்கள் பிளாக் அந்தக் காலத்துக் கட்டடம்தான். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். வடசென்னையில் மீன் ஏலத்துக்கு விடியற்காலை போக வேண்டியவர் பெரும்பாக்கத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும் என்றால் அந்த வீடு எவ்வளவு நல்ல வீடாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. குறைந்த விலை வீடு என்பதற்கு முதல் இலக்கணமே வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பது, அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

காற்று விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. நடுக் காரிடார் பிளானில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு பக்கம்தான் வெளிச்சுவர். காற்று உள்ளே வரும், வெளியேற வழி இருக்காது, கதவைத் திறந்து வைத்தால் எதிர்வீட்டு வாசல்தான் தெரியும், அதனால் யாரும் திறந்து வைக்கவும் மாட்டார்கள். காரிடாரில் பகலிலேயே லைட் எரிய வேண்டும், அந்தக் கரண்டுக்கும் நீங்கள்தான் காசு கட்டுவீர்கள். இதற்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் வீடு, மறுபக்கம் திறந்த நடைபாதை என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு மாடிப்படிக்கு நாலு வீடு, நாலும் மூலை வீடு. இரண்டிலும் வெளிச்சுவர் கூடும், கட்டும் செலவும் ஓரளவு கூடும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் செலவு ஒருமுறைதான், இருட்டுக் காரிடாருக்கும் மூச்சு முட்டும் அறைக்கும் குடியிருப்பவர்கள் காலம் முழுக்கச் செலவு செய்வார்கள். இடம் பத்தாது, நடுக் காரிடார்தான் முடியும் என்று அவர்கள் உறுதியாக நின்றால், காரிடாரின் இரண்டு முனையும் சுவர் இல்லாமல் திறந்திருக்க வேண்டும், நாலு வீட்டுக்கு ஒரு இடைவெளி வானம் தெரிகிற மாதிரி விட வேண்டும், வாசல் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வேண்டும். இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிளானில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் தேடுங்கள். கட்டடத்தின் நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்திருந்தால் நல்லது, கடல் காற்று சென்னையில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும், மேற்கு வெயில்தான் எதிரி. மேற்குப் பக்கத்தில் மாடிப்படி, குளியலறை இவற்றை வைத்தால் படுக்கையறைச் சுவர் சுடாது. கழிப்பறை ஜன்னல் திறக்கிற டக்ட், அதாவது குழாய்கள் இறங்கும் சந்து, எவ்வளவு அகலம் என்று பாருங்கள், குழாய் உடைந்தால் ஒரு ஆள் உள்ளே இறங்கி நின்று வேலை செய்யும் அளவு இருக்க வேண்டும். பல இடங்களில் அதைக் குறுக்கிவிட்டு, அப்புறம் கசிவு வந்தால் சரிசெய்ய வழியே இல்லாமல் போகிறது.

இன்னொன்று, கூட்டத்துக்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பிளாக்குகளுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தில் கோலமாவால் அந்த 400 சதுர அடி வீட்டை நிஜ அளவில் தரையில் போடுங்கள், கதவு, ஜன்னல், சுவர்க் கனம் எல்லாம் சேர்த்து. அதற்குள் ஒரு கட்டில், ஒரு பீரோ, தண்ணீர் டிரம், கேஸ் சிலிண்டர், தையல் மெஷின் இதையெல்லாம் கொண்டுவந்து வையுங்கள். பெண்களைச் சமையலறைக் கோட்டுக்குள் நிற்கச் சொல்லுங்கள். பீரோவை வைத்தால் கதவு திறக்காது, வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் லைன் இல்லை, துணி காயப்போட இடமே இல்லை என்பதெல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பேப்பரில் பார்த்தால் தலையாட்டுகிறவர்கள் தரையில் பார்த்தால் பேச ஆரம்பிப்பார்கள்.

கடைசியாக, வீடு வளர இடம் வேண்டும். இந்தூரில் பால்கிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் ஏறத்தாழ 6,500 மனைகள். ஏழைகளுக்கான சின்ன மனை 35 சதுர மீட்டர், அதில் அடித்தளம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய் வரை கொடுத்துவிட்டு மற்றதை அவரவர் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள விட்டார்கள், இன்றைக்கு அங்கே இரண்டு மாடி மூன்று மாடி வீடுகளும் தெருவைப் பார்த்த கடைகளும் இருக்கின்றன. நம் ஊரிலும் 1977ல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் இதே மாதிரி மனையும் வசதியும் கொடுத்தார்கள், அந்தத் தெருக்கள் இப்போது எப்படி வளர்ந்திருக்கின்றன என்று போய்ப் பார்க்கலாம். சிலியில் இகிக்கே நகரத்தில் 2004ல் ஏறத்தாழ நூறு குடும்பங்களுக்கு அவர்கள் இருந்த இடத்திலேயே பாதி வீடு கட்டிக் கொடுத்து, மறுபாதிக்கு வெற்றிடம் விட்டார்கள், குடும்பங்கள் அதை நிரப்பிக்கொண்டன. எட்டு தளக் கட்டடத்தில் இது அப்படியே நடக்காது. ஆனால் இப்போது உங்கள் பிளாக்கில் எத்தனை பேர் பால்கனியை அடைத்து அறையாக்கி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புதிய வீட்டிலும் செய்யத்தான் செய்வார்கள். அதனால் நாலடிக்கு எட்டடி பால்கனியை, சுவர் எழுப்பினாலும் பாரம் தாங்குகிற பீம் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், படுக்கையறையில் பரண் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுமே முதலிலேயே செய்தால் செலவு குறைவு.

ஏழாவது_மாடி:

நான் ஊருக்கு வெளியே மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் ஏழாவது மாடியில் இருக்கிறேன் தம்பி, அதனால் மெயின்டனன்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டிக் கொடுக்கிற செலவை அரசு பார்க்கும், நடத்துகிற செலவு நம் தலையில். இதை யாரும் சாவி கொடுக்கிற அன்றைக்குச் சொல்வதில்லை.

எங்கள் பிளாக்கில் லிஃப்ட் ரிப்பேர் ஆனால் சரியாக வாரக்கணக்கில் ஆகும். ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தக் காசு கட்டவில்லை என்று கம்பெனிக்காரர் வரமாட்டார், லிஃப்ட் ஓடவில்லை என்று கீழ் இரண்டு மாடிக்காரர்கள் மெயின்டனன்ஸ் கொடுக்க மாட்டார்கள், அவர்கள் கொடுக்காததால் ஏஎம்சி கட்ட முடியாது. மோட்டார் எரிந்தாலும் இதே கதைதான், அன்றைக்கு ஏழு மாடி குடம் தூக்க வேண்டும். நிறைமாசமாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் படியில் இறக்கினார்கள், அதற்குப் பிறகுதான் எங்கள் பிளாக்கில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம்.

அப்புறம் கரண்ட். வீட்டு மீட்டருக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டு, பொது மீட்டருக்குக் கிடையாது. 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொது இணைப்பைத் தனிப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டார்கள். அடுத்த வருஷம் 5.50 ஆகக் குறைத்தபோது அது 10 வீட்டுக்கு மேல் போகாத, 3 மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு மட்டும்தான். அதாவது லிஃப்ட்டும் மோட்டாரும் ஓடுகிற ஏழை வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இதை உங்கள் சங்கம் இப்போதே மனுவில் எழுத வேண்டும்.

"நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்று ஒரு திட்டம் இருக்கிறது, பதிவு செய்த நலச்சங்கம் வசூலிக்கிற மெயின்டனன்ஸ் தொகைக்குச் சமமாக அரசும் கொடுக்கும். நல்ல திட்டம். ஆனால் சங்கம் பதிவாகி, வங்கிக் கணக்கு இருந்து, ரசீது போட்டு வசூல் செய்தால்தான். நாங்கள் பிளாக்குக்கு இரண்டு பெண்களைப் பொறுப்பாகப் போட்டு, வரவு செலவைப் படிக்கட்டுச் சுவரில் மாசாமாசம் எழுதி ஒட்டுகிறோம். எழுதி ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் கீழ்மாடிக்காரர்களும் கொடுக்கிறார்கள், தங்கள் காசு தெருவிளக்குக்கும் சாக்கடை அடைப்புக்கும்தான் போகிறது என்று கண்ணால் பார்க்கிறார்கள் இல்லையா. உங்கள் சங்கத்தை வீடு வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள், இடிப்பதற்கு முன்னாலேயே செய்யுங்கள். ஆட்கள் வாடகைக்கு நாலு பக்கம் பிரிந்து போன பிறகு கூட்டம் கூட்டவே முடியாது.

மாடிவீடு_வடசென்னை:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, ரொம்ப நன்றி. ஜன்னல்_வழி தங்கச்சி சொன்ன கோலமாவு யோசனையை ஞாயிற்றுக்கிழமை செய்கிறோம்.

ஒரு கேள்வி. அப்படியென்றால் லிஃப்ட்டே வேண்டாம், தரை சேர்த்து நாலு தளம் போதும் என்று கேட்பதா? எங்களிடம் நடக்க முடியாத பெரியவர்கள் நிறைய. வீடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது, அதே இடம்தான், அதனால் உயரம் போனால்தான் எல்லோருக்கும் வீடு வரும் என்று அவர்கள் சொல்வதிலும் கணக்கு இருக்கிறதே. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவரும் அந்தப் பலகை முறைக் கட்டடம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

சைட்டில்_இருந்தவன்:

வணக்கம். நான் சிவில் இன்ஜினியர், வேலைக்காலம் முழுக்க சைட்டில்தான், இப்போது ஓய்வு. உயரத்துக்கு நேரான பதில்: லிஃப்ட் வேண்டாம் என்று கேட்காதீர்கள், எட்டு தளத்தைக் குறைக்கக் கேளுங்கள். தரையோடு ஆறு தளம், ஒரு பிளாக்குக்கு 96 வீடு. இது வெறும் ஆசை இல்லை, பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறந்த லைட் ஹவுஸ் திட்டத்தில் (புதிய கட்டுமான முறைகளைக் காட்டும் மத்திய அரசின் மாதிரித் திட்டம்) 1,152 வீடுகளை இதே கணக்கில்தான் 12 பிளாக்குகளாகக் கட்டினார்கள். ஆறு தளம் என்றால் லிஃப்ட் நின்ற நாளிலும் நடுத்தர வயதுக்காரர் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம், எட்டு என்றால் பலர் வீட்டிலேயே அடைபட்டுவிடுவார்கள். பிளாக்குகளுக்கு நடுவே இப்போது வீணாகக் கிடக்கும் துண்டு துண்டான இடங்களைச் சேர்த்து வரைந்தால் இரண்டு தளம் குறைக்க முடியுமா என்று அவர்களை வரைந்து காட்டச் சொல்லுங்கள். முடியாது என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். தரைத்தளம் முழுக்கப் பெரியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வாசலுக்குப் படி இல்லாமல் சாய்தளம் வைத்து.

பலகை முறை, அதாவது பிரீகாஸ்ட். மேலே சொன்ன பெரும்பாக்கம் திட்டமும் பிரீகாஸ்ட்தான், 2021 ஜனவரி முதல் தேதி அடிக்கல் நாட்டி ஒன்றரை வருஷத்துக்குள் முடித்தார்கள். வேகம்தான் அதன் பெரிய பலம், வாடகைக்குப் போய் இருக்கப் போகிற உங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. தொழிற்சாலையில் வார்ப்பதால் கான்கிரீட் தரமும் சீராக வரும். பலவீனம் இரண்டு இடத்தில். ஒன்று, பலகையும் பலகையும் சேரும் இணைப்பு, அதை அடைக்கும் பொருளும் வேலையும் சரியில்லை என்றால் முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே உள்சுவர் ஊறும். இரண்டு, வெக்கை. கான்கிரீட் சுவர் செங்கல் சுவரைவிடச் சூட்டைச் சீக்கிரம் உள்ளே கடத்தும். மேற்குச் சுவருக்கு மட்டுமாவது வெளியே ஒரு காப்பு அடுக்கு, மொட்டை மாடிக்கு வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ், இரண்டையும் எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுத வையுங்கள். எழுதவில்லை என்றால் வராது. பிரீகாஸ்டில் சுவரை இடித்துக் கதவு வைப்பது, தளத்தைத் துளைத்துக் குழாய் இறக்குவது எதுவும் கூடாது, அதைக் குடியிருப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

சிலர் கேரளத்தில் குறைந்த செலவு வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் முறையில் கட்டலாமே என்பார்கள். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. செங்கல்லைக் குத்துக்கட்டையாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல் கால்பங்கு மிச்சம், வீடும் குளிர்ச்சி, நடுவில் மண் ஓடுகளை வைத்து வார்க்கும் கூரையில் கான்கிரீட்டும் குறையும். திருவனந்தபுரத்தில் ஏழைகளுக்கு அப்படிக் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அது மூன்று மாடி வரைக்கும் பொருந்துகிற முறை, பாரத்தைச் சுவர் தாங்கும் கட்டடத்துக்கு. ஆறு தளத்துக்கு ஆர்சிசி, அதாவது கம்பி போட்ட கான்கிரீட்டில் தூண் பீம் போட்டு, இடைச் சுவருக்கு மட்டும் ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) செங்கல் வைத்தால் போதும், அந்தக் குளிர்ச்சியில் ஓரளவு அதிலும் கிடைக்கும்.

உங்கள் பழைய பிளாக்கில் கம்பி ஏன் வெளியே வந்தது தெரியுமா? கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட் கனம் குறைவு, அதோடு உப்புக்காற்று. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456ல் கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரமும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (மூடும் கான்கிரீட் கனம்) கேட்கிறார்கள். சைட்டில் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை ஒரு ஸ்கேலால் அளந்தாலே தெரிந்துவிடும், இதற்கு இன்ஜினியர் படிப்பு தேவையில்லை. சங்கத்திலிருந்து இரண்டு பேர் கான்கிரீட் போடும் நாட்களில் சைட்டுக்குள் வர அனுமதி கேளுங்கள். அதே மாதிரி குளியலறைத் தளத்தில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் கூரை நனைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும். சண்டை போட்டாவது இந்த ஒன்றை வாங்குங்கள், அடுக்குமாடியில் அண்டை வீட்டாருக்குள் வரும் சண்டையில் பாதி இந்தக் கசிவால்தான்.

சோலார் நிச்சயம் உபயோகப்படும், பொது மீட்டருக்கு. 2024ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி மொட்டை மாடி போதும், சென்னை வெயிலுக்கு நாளைக்கு நாலு யூனிட் வரும். 10 கிலோவாட் வைத்தால் நாளைக்கு 40 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் மாசம் 9,600 ரூபாய், 96 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு நூறு ரூபாய் மெயின்டனன்ஸ் குறைகிறது. மழைநீர் 2003லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், ஆனால் அதை நம்பித் தண்ணீர்க் கணக்குப் போடாதீர்கள். 700 சதுர மீட்டர் மாடியில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர், கேட்கப் பெரிதாக இருக்கும், 96 குடும்பம் ஒரு மாசம்கூட ஓட்ட முடியாது. கிணற்றில் விட்டு நிலத்தடி நீரை ஏற்றத்தான் அது. பிளாக்குக்குள்ளேயே சின்னக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை வைப்பதை நான் வேண்டாம் என்பேன். ஊருக்கு நடுவில் உங்களுக்கு மெட்ரோ வாட்டர் பாதாளச் சாக்கடை இருக்கிறது. ஆலைக்கு ஆபரேட்டர் சம்பளம், காற்றடிக்கும் ப்ளோயருக்குக் கரண்ட், ஆறு மாசத்தில் நின்றால் நாற்றம். அந்தக் காசில் சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை, பெரிதாகக் கட்டி, இரண்டாவது மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள்.

கொழும்பு_வாசகன்:

நான் கொழும்பில் இருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலை வாசித்தபோது எங்கட இடத்தில் நடந்ததும் உதவும் என்று நினைத்தேன்.

1984ல் இங்கே பத்து இலட்சம் வீடுகள் திட்டம் தொடங்கியபோது கொழும்புத் தோட்டங்களில், அதாவது நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளில், சனங்களைச் சமுதாய அபிவிருத்திச் சபைகளாகச் சேர்த்தார்கள். காணித் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நடைபாதை எத்தனை அடி, குழாய் எங்கே என்பதைச் சனங்களும் அதிகாரிகளும் ஒன்றாக இருந்து கதைத்து முடிவு செய்தார்கள். நகரத்தில் 2 பேர்ச்சஸ், ஏறத்தாழ 50 சதுர மீட்டர், ஒரு குடும்பத்துக்கு. அதைவிட முக்கியம், நடைபாதை, வடிகால், மலசலகூடம் போன்ற சின்ன வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் அந்தச் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். வேலையின் தரத்தைப் பார்த்தவர்கள் அங்கே வாழப் போகிறவர்கள். இலாபமும் அந்தச் சபைக்கே போனது.

பிறகு 2001ல் சகஸ்புர என்று 14 மாடித் தொடர்மாடி ஒன்று கட்டி 671 வீடுகள் கொடுத்தார்கள், 2010க்குப் பிறகு அதேபோல நிறையத் தொடர்மாடிகள். ஏழாவது_மாடி அக்கா சொல்லும் மின்தூக்கிப் பிரச்சினையும் பராமரிப்புக் காசுப் பிரச்சினையும் இங்கேயும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒரு தோட்டத்துச் சனத்தைச் சீட்டுப் போட்டு வேறு வேறு மாடிகளுக்குப் பிரித்துவிட்டால், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு அந்த வசதி இல்லாமல் போய்விடும்.  ஆகவே குலுக்கலைத் தனித்தனிக் குடும்பமாகச் செய்யாமல், இப்போது ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தும் குடும்பங்களை ஒரு குழுவாக வைத்து, குழுவுக்குக் குலுக்கச் சொல்லுங்கள். எந்தக் குழு எந்த மாடி என்பதுதான் அதிர்ஷ்டமாக இருக்க வேண்டும், அயலவர் மாறக்கூடாது.

அத்துடன் உறுதிப் பத்திரம், அதாவது வீட்டின் சொத்துப் பத்திரம். வீட்டுக்கு உறுதி எப்போது, யார் பெயரில், பொது இடம் யாருக்குச் சொந்தம் என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

மாடிவீடு_வடசென்னை:

குழுவாகக் குலுக்குவது எங்களுக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கே இரண்டு பிளாக் தலைவர்களிடம் பேசினேன், இருவருக்கும் பிடித்திருக்கிறது. கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போடலாம் என்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. கட்டி முடிக்கும் வரை வெளியே இருக்க வேண்டும், அந்தக் காலத்துக்கு என்ன கேட்கலாம்? இட்லிக் கடை அக்கா மாதிரி வாசலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குப் பிளானில் என்ன வழி?

ஏழாவது_மாடி:

இடித்துக் கட்டும் திட்டங்களில் வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்குக் கருணைத் தொகை 24,000 ரூபாய், முன்பு 8,000 இருந்ததை 2021ல் உயர்த்தினார்கள். வடசென்னையில் 6,000 ரூபாய்க்கு ஒரு சின்ன போர்ஷன் கிடைத்தாலும் அது நாலு மாசத்துக்குத்தான் காணும், அட்வான்ஸ் தனி. அதனால் எல்லா பிளாக்கையும் ஒரே நேரத்தில் காலி செய்யாமல் இரண்டு கட்டமாகச் செய்யக் கேளுங்கள், முதல் கட்டம் முடிந்து அதில் குடியேறிய பிறகு மற்றது. வேலை தள்ளிப்போனால் மாதவாடகை யார் கொடுப்பது என்றும் கேளுங்கள். காலி செய்யும் முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கதவு எண், குடும்பத் தலைவி பெயர், போட்டோ இவற்றோடு ஒதுக்கீட்டுச் சான்று கையில் இருக்க வேண்டும். மகன் கல்யாணமாகி அதே வீட்டில் தனிக் குடும்பமாக இருந்தால் அதைக் கணக்கெடுப்பில் எழுதியிருக்கிறார்களா என்று இப்போதே பட்டியலை வாங்கிச் சரிபாருங்கள், பின்னால் சேர்க்கவே மாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றாத தூரத்தில் வாடகை பாருங்கள்.

ஜன்னல்_வழி:

வாசல் பிழைப்புக்கு: ரோட்டைப் பார்த்த பக்கம் தரைத்தளத்தில் வீடு வைக்காமல், எட்டடிக்கு ஆறடி அளவில் வரிசையாகக் கடை வைக்கும் இடம் கேளுங்கள். ஷட்டர் போட்ட பெரிய கடைகளாக்கி ஏலம் விட்டால் வெளியாள் எடுத்துவிடுவார், அதனால் குடியிருப்பவர்களுக்கு மட்டும், சங்கம் வழியாக, குறைந்த தினவாடகை. அந்த வாடகை லிஃப்ட் ஏஎம்சிக்குப் போகட்டும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு தண்ணீர்க் குழாயும் சாக்கடை இணைப்பும் வேண்டும், இட்லிக் கடைக்கு அது இல்லாமல் முடியாது. மீன் கூடை கழுவ, தண்ணீர் வடிய, பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டியும் தளமும் தனியாக. தையல் மாதிரி வேலைகளுக்கு ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி திறந்த இடம், வெளிச்சம் வருகிற பக்கம். அங்கேயே பிள்ளைகள் சாயங்காலம் படிக்கவும் செய்யலாம்.

அவர்கள் காட்டிய மாதிரி பிளானைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள் அண்ணா, வடக்கு அம்புக்குறியும் அளவுகளும் தெளிவாகத் தெரிகிற மாதிரி. கூட்டத்துக்கு முன்னால் எங்கே என்ன மாற்றலாம் என்று அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் குறித்து அனுப்புகிறேன், அதை அப்படியே மனுவோடு இணைத்துக் கொடுத்துவிடலாம்.